லயத்துப் பிள்ளை சொல்லும் திகில் கதை: முதல் நாவல் எழுதப் போகிறவர்களுக்கு

இலங்கையின் மலையகத்தில் திகில் கதை எழுத உட்காருகிற பலர் முதல் பக்கத்திலேயே வளைவு ரோட்டில் வெள்ளைச் சேலையை நிறுத்திவிடுகிறார்கள். பனிமூட்டம், கைக்குழந்தையோடு மோகினி, வாகனத்தை நிறுத்தும் சாரதி. படிக்கிறவருக்கு மூன்றாவது வரியிலேயே முடிவு தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதானே. சிறுவயது நினைவுகளின் வழியாகப் போகும் திகில் நாவலுக்கு வேறு மாதிரி அடித்தளம் வேண்டும். எட்டு வயதில் பார்த்தது ஒன்று, ஐம்பது வயதுக்கு மேல் அதையே நினைக்கும்போது புரிவது இன்னொன்று. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் பயம் குடியிருக்கும். அதை எப்படிக் கட்டுவது என்று, வேலை செய்யவேண்டிய வரிசையிலேயே சொல்லிப்போகிறேன்.

முதலில் பொய்யை முடிவு செய்யுங்கள்

கதாபாத்திரம், தலைப்பு, முதல் வரி எல்லாம் பிறகு. இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். பெரியவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளையிடம் என்ன சொன்னார்கள்? இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி வையுங்கள். முதல் தாளை வாசகர் ஒருபோதும் முழுதாகப் பார்க்கமாட்டார், ஆனால் உங்களுக்கு அது வரிக்கு வரி தெரிந்திருக்கவேண்டும். என்ன நடந்தது என்று எழுதுகிறவருக்கே தெரியாவிட்டால் நாவலில் மர்மம் இருக்காது, குழப்பம்தான் இருக்கும்.

பொய் அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் பொருந்தவேண்டும், எல்லோரும் நம்பக்கூடியதாக இருக்கவேண்டும். மலையகத்தில் அப்படி ஒன்று கையோடு இருக்கிறது: "அவுங்க இந்தியா போயிட்டாங்க."

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் முடிவானது. மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டன. வருடக்கணக்காகத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். நேற்று வரை பக்கத்துக் காம்பராவில் (தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்கான அறை) இருந்தவர்கள் இன்று இல்லை என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன விஷயம். போனவர்களிடமிருந்து கடிதம் வராமல் இருப்பதும் அப்படித்தான். ஆகவே காணாமல் போன ஒரு பிள்ளையைப் பற்றி "இந்தியா போயிட்டா" என்று சொன்னால் எட்டு வயதுக்காரி மேலே ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள்.

இதை வைத்தே ஒரு மாதிரிக் கதையைக் கட்டிப் பார்ப்போம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். கதை சொல்கிறவள் இப்போது கொழும்பில் இருக்கிறாள், வயது அறுபதை நெருங்குகிறது. 1974இல் அவளுக்கு 8 வயது. கூட்டாளி லெச்சுமி, தொங்கல் காம்பராக்காரி, அதாவது லயத்தின் கடைசி அறையில் இருப்பவள். ஒரு நாள் காலையில் அந்தக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. இந்தியா போயிட்டாங்க என்கிறாள் அம்மாயி, அவளுடைய பாட்டி. சரி, பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும்.

வயதான பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. இந்தியா போகிறவர்கள் ஒரே இரவில் போவதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க டவுனுக்குப் போவார்கள். வரவேண்டிய காசுக்காகத் தோட்டத்து ஒப்பீசுக்கு நடையாய் நடப்பார்கள். ஆடு மாட்டை விற்பார்கள், ட்ரங்குப் பெட்டி வாங்குவார்கள். லயத்து ஆட்கள் அவர்களை வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுவார்கள். லெச்சுமி வீட்டில் இதில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காதவற்றின் இந்தப் பட்டியலை உங்கள் முதல் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாவலில் வரப்போகும் திகில் அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்துதான் வரும்.

ஆண்டையும் வயதையும் பொருத்துங்கள்

பெரும்பாலானவர்களுக்கு மூன்று வயதுக்கு முந்தைய நினைவு ஏறக்குறைய இருப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ பெரியவர்களின் குசுகுசுப்பு புரிந்துவிடும். ஆறிலிருந்து ஒன்பது வரைதான் நமக்குத் தோதான வயது: எல்லாவற்றையும் பார்க்கும், எதையும் சேர்த்துப் பார்க்காது.

ஆண்டைத் தேர்ந்தெடுத்ததும், அந்த ஆண்டில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள். 1974ஐயே எடுத்துக்கொண்டால், 1973இலும் 1974இலும் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு, தோட்டங்களில் அது பட்டினியாகவே இருந்தது. கூப்பன் அரிசி குறைந்தது, மாவுக்கு வரிசை நின்றார்கள். கொம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975இல், ஆக உங்கள் கதையில் இன்னமும் கொம்பனித் துரைதான் பங்களாவில் இருக்கிறார், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நிற்கிறார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த விமானம் ஒன்று, கொழும்பில் இறங்குவதற்கு முன் சப்த கன்னி மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் இறந்துபோனார்கள். மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் அந்த இரவைப் பற்றிச் சொல்வார்கள். நம் கதையில் லெச்சுமியின் காம்பரா பூட்டிக் கிடந்தது அந்த வாரம் என்று வைத்துப் பாருங்கள். பொலிஸ், இராணுவம், வெளியூர் ஆட்கள் என்று மலை முழுக்க முன்பின் தெரியாதவர்களின் உடல்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு லயத்துப் பிள்ளையைத் தேட யாருக்கும் நேரமில்லை. பெரியவர்கள் ஏன் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கதை சொல்கிறவள் ஒரு நாள் யோசிக்கத் தொடங்குவாள். தேதியைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். தேதி கதைக்குள் ஏதாவது வேலை செய்யவேண்டும்.

தகவலைச் சரிபார்க்க கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகிற பத்திரிகைகள். வீட்டிலிருந்தபடியே தேட, நூலகம் இணைய நூலகத்தில் மலையக இதழ்களும் நூல்களும் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒன்று, தேடிக் கிடைத்ததை எல்லாம் நாவலில் கொட்டிவிடக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தத்தின் பெயர் தெரியாது. மாவு ரொட்டி பாதியானதுதான் தெரியும்.

லயத்தை வரைந்து சுவரில் ஒட்டுங்கள்

லயம் தெரியாமல் எழுதுகிறவர்கள் அதை வரிசை வீடு என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தெரிந்தவர்களுக்கு அது திகில் நாவலுக்கென்றே கட்டிவைத்த மாதிரி இருக்கும். காம்பரா ஒன்று சுமார் 10 அடிக்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. இரட்டை லயம் என்றால் இரண்டு வரிசையும் முதுகோடு முதுகாக இருக்கும். பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. தகரத்துக்குக் கீழே எல்லாக் காம்பராவுக்கும் ஒரே வெளிதான். யார் இருமினாலும் நாலு காம்பரா தள்ளிக் கேட்கும். ஒருவர் குசுகுசுப்பது கேட்கும், என்ன சொல்கிறார் என்பது கேட்காது.

கதைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள். பூட்டிக் கிடக்கும் தொங்கல் காம்பராவில் பேய் நடமாடவேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருடம் சுவருக்கு மேலாக வந்துகொண்டிருந்த ஒரு கிழவனின் இருமல் அன்றைக்கு வரவில்லை என்று எழுதினால் போதும். அல்லது அதைவிட மோசமாக, ஒரு தடவை மட்டும் வந்தது என்று எழுதலாம். ஒரே தடவை. பிள்ளை அம்மாயியைப் பார்க்கிறாள். அம்மாயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள்.

படத்தில் இவற்றைக் குறியுங்கள்: பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), கக்கூஸ், பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் இடம்), கோயில், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), பெரட்டுக்களம், பங்களாவுக்குப் போகும் படிக்கட்டு, மேட்டு லயம், பணிய (கீழ்) லயம். இஸ்தோப்பில் நின்றால் இவற்றில் எது தெரியும், எது தெரியாது என்று கோடு போட்டுப் பாருங்கள். பிள்ளை பார்க்க முடியாத இடத்தில் நடந்ததை அவள் பார்த்ததாக எழுதிவிட்டால், தோட்டத்தில் வளர்ந்த வாசகர் உடனே பிடித்துவிடுவார். அந்தத் தவறையே உத்தியாகவும் மாற்றலாம், அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பிறகு சத்தம். விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு என்னும் பறையை அடிப்பார்கள், சாவுக்கும் தப்புதான். அடி வேறு. லயத்துப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியுமுன்பே இந்த இரண்டு அடியும் தெரிந்துவிடும். பெரட்டு நேரத்தில் ஒரு நாள் தப்பு தவறான அடியில் தொடங்கி, ஐந்தாறு தட்டுக்குப் பிறகு அவசரமாகப் பெரட்டு அடிக்கு மாறினால்? தப்படிக்கிறவருக்கு என்ன தெரிந்திருந்தது? ஒரு முழு அத்தியாயத்தை இந்தக் கேள்வி இழுத்துக்கொண்டு போகும்.

வெளிச்சத்தையும் மறக்கவேண்டாம். அந்தக் காலத்து லயத்தில் மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் குப்பி லாம்புதான். லாம்புக்கு ஒரு காம்பராவின் பாதிதான் தெரியும். பருவத்தையும் சரியாகப் போடுங்கள். மஸ்கெலியா, அட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கொட்டும். அதே நேரம் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து, காற்று வீசிக்கொண்டிருக்கும். இன்னொன்று, டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். நல்லதண்ணி ரோட்டில் அப்போது ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். ஜனவரி நடுநிசியில் அந்த ரோட்டில் தன்னந்தனியாக ஒருவர் நடந்து போவதாக எழுதினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

மஸ்கெலியாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் மிச்சங்கள் வெளியே தெரியும், ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். சிறுவயதில் தண்ணீராக மட்டுமே பார்த்த இடத்தில் முதிய வயதில் நடந்து போக முடிகிறது என்பதை இந்த வகை நாவல் பயன்படுத்தாமல் விட்டால் பாவம்.

நினைவு எப்படி ஏமாற்றும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் சிறுவயது நினைவைப் படம் ஓடுவது போல எழுதுகிறார்கள். எல்லாம் துல்லியம், எல்லா உரையாடலும் முழுசு. நினைவு அப்படி இருப்பதில்லை.

உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லொஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 24 பேரிடம் அவர்கள் சின்ன வயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். சம்பவம் நடக்கவே இல்லை, ஆனால் சொந்தக்காரர் சொன்னதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ தன் நினைவாகவே சொல்லத் தொடங்கிவிட்டார். நம் கதையில் அம்மாயி வருடக்கணக்காக ஒரே காட்சியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள்: "லெச்சுமி லொறியில ஏறி ஒனக்குக் கை காட்டிச்சே, நீயும் காட்டினியே." இப்போது அந்த லொறியும் அந்தக் கையும் கதை சொல்கிறவளின் மனதில் பச்சையாக நிற்கின்றன. லொறியின் நிறம்கூடத் தெரியும். வந்திருக்காத லொறி.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. சில நினைவுகளை நாம் நம் கண்ணால் பார்க்கிறோம். சிலவற்றில் நம்மையே வெளியே நின்று பார்க்கிறோம். நிக்ரோ, நைசர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1983இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். யாருக்கும் வரக்கூடிய சாதாரண விஷயம்தான். ஆனால் திகில் நாவலில் இதை வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள். கை காட்டிய நினைவில் கதை சொல்கிறவள் தன்னைத் தானே பின்னாலிருந்து பார்க்கிறாள்: ரெட்டைச் சடை, கிழிந்த கவுன், தூக்கிய கை. நூறு பக்கத்துக்கு அவளுக்கு அதில் சந்தேகமே வராது. பிறகு ஒரு நாள், இந்தக் காட்சியை யார் நின்று பார்த்தது என்று கேட்டுக்கொள்கிறாள். உங்கள் லயத்துப் படத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டுமானால் தொங்கல் காம்பராவின் கதவிடுக்கில்தான் நிற்கவேண்டும்.

இதை எழுதும் பாணிக்கு வருவோம். இப்படி எழுதவேண்டாம்:

"லெச்சுமியின் காம்பரா பூட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் நடுங்கியது. ஏதோ பயங்கரம் நடந்துவிட்டது என்று உள்மனம் சொன்னது."

எட்டு வயதுப் பிள்ளைக்கு உள்மனம் ஒன்றும் சொல்லாது. இப்படி முயன்று பாருங்கள்:

"லெச்சுமி இந்தியா போன அன்று அவளுடைய கோழி எனக்குக் கிடைத்தது. காலில் சிவப்புத் துணி கட்டிய கோழி. அம்மாயி அதைக் கூடையால் மூடிவைத்து, மூன்று நாளைக்குத் திறக்காதே, பழைய வீட்டுக்கு ஓடிவிடும் என்றாள். நான் சந்தோசத்தில் சோறுகூட உண்ணவில்லையாம். நாலாம் நாள் திறந்துவிட்டேன். கோழி நேராகத் தொங்கல் காம்பராவுக்குப் போய், கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் கொத்தத் தொடங்கியது."

பிள்ளைக்கு இதில் பயமே இல்லை, கோழி கிடைத்த மகிழ்ச்சிதான். பயப்படவேண்டியது வாசகர். "உண்ணவில்லையாம்" என்று ஓர் இடத்தில் மட்டும் வருவதையும் கவனியுங்கள். தானே கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தமிழ் வினைமுற்றே பிரித்துக் காட்டிவிடும். இந்த வசதியைக் கடைசி வரை கறாராகக் கடைப்பிடியுங்கள். பாதி நாவலுக்குப் பிறகு, இதுவரை "பார்த்தேன்" என்று வந்த ஒரு சம்பவம் "பார்த்தேனாம்" என்று மாறி வந்தால், கூர்ந்து படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போவார்.

உரையாடலைத் தோட்டத்துப் பேச்சிலேயே எழுதுங்கள். சின்னத்திரைத் தமிழும் வேண்டாம், யாழ்ப்பாணப் பேச்சும் வேண்டாம். பேச்சு சரியாக வரவில்லை என்றால் உரையாடலைக் குறைத்துவிடுவது நல்லது.

சாமியும் பேயும்

பேய் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தால் பிள்ளைக்குத் தெரிந்த உருவத்தில் வரட்டும். தோட்டங்களில் ஸ்டோருக்குக் காவலாக ரோதைமுனி உண்டு, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துசாமி உண்டு. ஸ்டோர் ரோதை (இயந்திரச் சக்கரம்) ஓடும் சத்தத்தில் சாமியின் மூச்சைக் கேட்ட பிள்ளைக்கு, ரோதை நின்ற ராத்திரி என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். ஆனால் ஆட்கள் இன்றும் கும்பிடும் சாமியைக் கொலைகாரப் பூதமாக்கிவிடாதீர்கள். அது மரியாதையும் இல்லை, கதைக்கும் கேடு. வில்லன் கிடைத்துவிட்டால் பெரியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், மாசி மாதத்துக் காமன் கூத்து போதும். கம்பம் ஊன்றியதிலிருந்து ராத்திரி ராத்திரியாகக் கூத்து நடக்கும். ரதிக்கு ஆண்தான் வேஷம் கட்டுவார், எமன் வருவார், கடைசியில் மதன் எரிக்கப்படுவான். பகலில் பெரட்டுக்களத்தில் பார்த்த மாமாதான் முகத்தில் கருப்புப் பூசிக்கொண்டு எமனாக வருகிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் பயப்படுவாள். அந்த மாமா வேஷம் கலைத்த பிறகும் அதே மாதிரி ஒரு தடவை பார்த்தார் என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

உண்மையில் செத்துப்போனவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. அங்கே உறவுகளை இழந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுடைய செத்தவர்களை ஆவியாக்கி உலவவிடும் கதையை நானென்றால் எழுதமாட்டேன். விமான விபத்தையும் தூரத்துச் சத்தமாக, ரோட்டில் போகும் வாகன வெளிச்சமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கும் கற்பனைப் பெயரே வையுங்கள். உண்மைப் பெயரைப் போட்டால் அந்தத் தோட்டத்துத் தொங்கல் காம்பராவில் இருக்கும் குடும்பத்தை ஊரே பார்க்கும்.

எவ்வளவு வெளிச்சம் போடுவது

கடைசி அத்தியாயத்தில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது இந்த வகை நாவலில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதைத் தவிர்க்க ஒரு வழி: அம்மாயி, தப்படித்தவர், கணக்கப்பிள்ளையின் மகன் என்று மூன்று பேரை வைத்து ஒரே இரவை மூன்று விதமாகச் சொல்ல வையுங்கள். மூன்று பேச்சிலும் ஒரே ஒரு விஷயம் பொதுவாக வரட்டும், அதுவும் பேச்சோடு பேச்சாக, முக்கியமில்லாத மாதிரி. உதாரணத்துக்கு, அன்று ராத்திரி பீலியில் யாரோ கூடை கழுவினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவேண்டாம்.

அத்தியாயங்களைக் காலவரிசையில் அடுக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒரு பொருள் இன்னொரு நினைவைக் கிளப்பட்டும். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதை சொல்கிறவளுக்கு என்ன தெரியும், வாசகருக்கு என்ன தெரியும் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். வாசகர் எப்போதும் ஒரு எட்டு முன்னால் இருக்கவேண்டும். இரண்டு எட்டு முன்னால் போய்விட்டால் சலிப்புத் தட்டும். நீளத்தைப் பொறுத்தவரை இருநூறு பக்கத்துக்கு மேல் இந்த இறுக்கத்தைப் பிடித்துவைப்பது கஷ்டம், நூற்றைம்பதுக்குள் முடித்தால் நல்லது.

யாரிடம் படிக்கக் கொடுப்பது

முதல் பிரதியை எழுத்தாளர் நண்பரிடம் கொடுக்கவேண்டாம். தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஒரு பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். "அப்பிடி இல்ல" என்று அவர் இடைமறிக்கும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பீலித் தண்ணீர், கூலிக்காசு, சாவு வீட்டு முறை போன்ற இடங்களில்தான் இடைமறிப்பு அதிகம் வரும். அவர் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டால் அந்தப் பக்கம் நீளம், வெட்டலாம். சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தனக்குத் தெரிந்த ஒரு பூட்டிய காம்பராவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் சொன்னதை அவரிடம் கேட்காமல் நாவலில் போடாதீர்கள்.

அச்சுக்குப் போகுமுன் சர்வதேசத் தர நூல் எண்ணுக்கு விண்ணப்பிக்கவேண்டியது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம். நீங்களே பதிப்பிக்கிறீர்கள் என்றால் முதலில் குறைந்த பிரதிகள் போடுங்கள். ஒரு பெட்டியை அட்டனுக்கோ பதுளைக்கோ ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைக் கொழும்புக் கடைகளுக்குக் கொடுங்கள்.